மேல் வலது நான்கு

ஜூன் 10, திங்கள்

கம்ப்ரஸர் மறுபடி படுத்துவிட்டது. மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்றான். அவனுடைய நாளைக்கு எத்தனை நாள் நீளும் என்று கோபிசெட்டிபாளையத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்க முடியாது. காற்று இல்லாமல் டிரில் ஓடாது. வந்த ஆறு பேரில் நான்கு பேரைத் திருப்பி அனுப்பினேன். மீதி இருவருக்குப் பல் கம்பியை முறுக்கிவிட்டேன். அதற்குக் கையும் இடுக்கியும் போதும். முழங்கால் வலிக்கிறது. ஐம்பத்தாறு வயதில், நின்றுகொண்டே செய்கிற இந்தத் தொழிலை விட்டுவிடலாம் என்று வாரம் ஒருமுறை நினைக்கிறேன். பெரும்பாலும் திங்கட்கிழமைகளில்.

இந்த டைரி ஜனவரியில் மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்தது. ஐந்து மாதமாக மேஜை ஆடாமல் இருக்க அதன் காலுக்கு அடியில் கிடந்தது. இன்று எடுத்துத் தூசி தட்டினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. யாரிடமாவது எதையாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, வீட்டில் யாரும் இல்லை.

நேற்று விடியற்காலையில் தொப்பூர் அருகே பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்த பஸ் ஒன்று லாரியில் மோதி எரிந்துபோனது. பதினோரு பேர் சாவு. சாயங்காலம் எஸ்.ஐ. மாதேஸ்வரன் போன் செய்தார்.

“மேடம், சிந்துஜான்னு ஒரு பொண்ணு. உங்ககிட்டத்தான் பல்லுக்குக் கம்பி போட்டுச்சுன்னு அவங்கம்மா சொல்றாங்க. பழைய கார்டு இருக்குதுங்களா? ஒரு பாடிய அடையாளம் பாக்கணுமுங்க.”

“ஏழு வருஷம் ஆச்சே, தேடிப் பார்க்கிறேன்” என்றேன்.

தேட வேண்டிய அவசியம் இல்லை. அது எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.


ஜூன் 11, செவ்வாய்

கார்டைக் கொடுத்தனுப்பினேன். பதினாறு வயது, துருத்திய சிங்கப்பல், நான்கு பற்கள் பிடுங்கிக் கம்பி சிகிச்சை, இரண்டு வருடம் எட்டு மாதம். எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது.

ஆரம்பத்தில் எடுத்த எக்ஸ்ரேயைப் பேஷன்டிடமே கொடுத்துவிடுவது இங்கே வழக்கம். அது அவர்கள் வீட்டில் கிடைக்கவில்லையாம். பிளாஸ்டர் அச்சு இருக்கிறதா என்று போலீஸ்காரர் கேட்டார். சிகிச்சை தொடங்கும்போதும் முடியும்போதும் பல்வரிசையை அச்செடுத்து வைப்போம், அதைத்தான் கேட்டார். ஒரு மழைக்காலத்தில் கிளினிக்குக்குள் தண்ணீர் புகுந்து அச்சுகள் எல்லாம் கரைந்துவிட்டன என்றேன். தண்ணீர் புகுந்தது உண்மை.

கோகிலாமணி பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக என்னோடு இருக்கும் உதவியாளர். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பஞ்சு உருட்டினாள்.


ஜூன் 12, புதன்

மெக்கானிக் வரவில்லை. ரசம் வைத்துச் சாப்பிட்டேன்.


ஜூன் 13, வியாழன்

சேலத்திலிருந்து டாக்டர் ஷாஜகான் பேசினார். உடல்களை அடையாளம் காணும் வேலைக்கு அரசாங்கம் கூப்பிட்டிருக்கிற பல் மருத்துவர். சின்ன வயதுக் குரல், மிகவும் மரியாதை, மிகவும் களைப்பு. பதினோரு பேரில் பத்துப் பேரை நகை, சாவிக்கொத்து, பழைய எலும்பு முறிவு என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்களாம். மிச்சம் ஒரு இளம்பெண்ணின் உடல். டிக்கெட் வாங்கியவர்களில் இன்னும் இருப்பிடம் தெரியாதது சிந்துஜா ஒருத்திதான். ஆனால் டிரைவர் வழியில் மூன்று பேரைப் பட்டியலில் சேர்க்காமல் ஏற்றியிருக்கிறார். தர்மபுரியில் ஒரு பெண் இறங்கியதாகவும் சொல்கிறார். இறங்கியது யார், எரிந்தது யார் என்பதுதான் கேள்வி. முகம் இல்லை, ரேகை இல்லை. பல்தான் இருக்கிறது. நெருப்புக்கு அவ்வளவு சீக்கிரம் அடங்காத பொருள் மனித உடம்பில் அது ஒன்றுதான்.

“மேடம், மூணு இடம் உங்க கார்டோட அப்படியே பொருந்துது” என்றார். “மேல் இடது நாலாவது பல் இல்ல. கீழ ரெண்டு பக்கமும் நாலாவது இல்ல. மேல் வலதுலதான் சிக்கல். நாலாவது இருக்கு மேடம். அதுக்கு அடுத்த அஞ்சாவதுதான் இல்ல.”

முன்பல்லிலிருந்து பின்னோக்கி எண்ணுவது எங்கள் வழக்கம். கம்பி சிகிச்சைக்கு இடம் வேண்டுமென்றால் பொதுவாக ஒவ்வொரு பக்கத்திலும் நான்காவதை எடுப்போம்.

“பக்கத்துப் பல்தானே” என்றேன்.

“ஒரு பல் இல்லாமப் போறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம் மேடம். உங்ககிட்ட சிகிச்சை முடிஞ்ச பிறகு வேற எங்கயாவது எடுத்திருக்கலாம். ஆனா நீங்க எடுத்துட்டேன்னு எழுதின பல்லு அந்த வாயில இருக்கே. பிடுங்கின பல்லு திரும்ப முளைக்காதே. அப்போ இது வேற பொண்ணுன்னுதான் நான் எழுதணும்.” கார்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. “கார்டுல தப்பா எழுதியிருக்க வாய்ப்பு உண்டா மேடம்? நாலும் அஞ்சும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க.”

“என் கார்டில் தப்பு இருக்காது” என்றேன்.

அவர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். கீழ் முன்பற்களின் உட்பக்கம், பல் மறுபடி கோணாமல் இருக்க ஒட்டிய மெல்லிய கம்பி. “இது உங்க வேலையா இருக்குமா?” என்று கேட்டார். கம்பியின் இரண்டு முனையும் உள்பக்கமாகச் சுருட்டிவிடப்பட்டிருந்தன, நாக்கில் குத்தாமல் இருக்க. எல்லா டாக்டரும் இப்படித்தான் ஒட்டுவோம் என்று பதில் போட்டேன். நிறையப் பேர் அப்படிச் சுருட்டுவார்கள்.


ஜூன் 14, வெள்ளி

கம்ப்ரஸர் சரியாகிவிட்டது. பதினான்கு பேஷன்ட். மதியம் சாப்பிடவில்லை, பசிக்கவில்லை. ஒரு குழந்தையிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன். அதன் அப்பா என்னைப் பார்த்த பார்வை சரிதான்.


ஜூன் 16, ஞாயிறு

காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டைத் திறந்துகொண்டு சிந்துஜாவின் அம்மா வந்தாள். பழனாத்தாள். கொளப்பலூர்ப் பக்கம் இரண்டு ஏக்கரில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறவள். ஏழு வருடத்துக்கு முன் மகளை மாதம் தவறாமல் கூட்டிவந்து என் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே உருவம், முடி மட்டும் வெளுத்திருக்கிறது. கையில் ஒரு சீப்புப் பூவன் பழமும் பாரியூர் அம்மன் கோயில் குங்குமமும்.

“டாக்டரம்மா, உங்க கார்டுதானுங்க எம்பட புள்ளயக் காப்பாத்துச்சு” என்றாள். “அது சிந்துஜா இல்லீன்னு போலீசுல சொல்லிட்டாங்கொ. பல்லு பொருந்தலியாமா. தருமபுரியில எறங்குனது அவொதானுங்க. அங்க கூடப் படிச்ச புள்ளயொண்ணு இருக்குதுன்னு முந்தி சொல்லீருக்கறா.”

“போன் பண்ணினாளா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க. போன அந்த எளவு பஸ்ஸுல உட்டிருப்பா. துணிமணி, பொஸ்தகம் அத்தனையும் அதுலதான் போச்சு. பெங்களூர் வேல வேண்டாம், ரூமக் காலி பண்ணீட்டு வாறேன்னு சொல்லீட்டுத்தான் கெளம்புனா. வந்துருவாங்க. எங்க போயிருவா?”

என் நெற்றியில் அவளே குங்குமம் வைத்துவிட்டாள். நான் குனிந்தேன். என்னைவிட உயரம் குறைவு.

காபி வேண்டுமா என்று கேட்டேன். புழுவுக்குத் தழை போட வேண்டும் என்று போய்விட்டாள். பழம் மேஜைமேல் இருக்கிறது.


ஜூன் 18, செவ்வாய்

நல்ல செய்தி. பழனாத்தாளின் ரத்தம் எடுத்து டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பப் போகிறார்களாம், எஸ்.ஐ. சொன்னார். முடிவு வர ஒரு மாதம் ஆகலாம். அது வந்தால் எது யார் என்று தானாகத் தெரிந்துவிடும். யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அறிவியல் என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

இதைக் கோகிலாமணியிடம் சொன்னேன். அவள் ட்ரேயைத் துடைத்தபடியே, “அந்த அச்சுப் பொட்டி பரண்மேலதான் இருக்குதுங்க மேடம். தண்ணி கீழ் ரேக்குலதான பூந்துச்சு” என்றாள்.

“வீட்டுக்கு நேரமாகலையா உனக்கு?” என்றேன். மணி மூன்றரை. அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.


ஜூன் 20, வியாழன்

பழனாத்தாள் கிளினிக்குக்கு வந்தாள். மற்ற பேஷன்டுகளோடு டோக்கன் வாங்கிக் காத்திருந்து முறைப்படி உள்ளே வந்தாள். சிந்துஜாவின் போட்டோ வேண்டும் என்றாள். சிகிச்சை முடிந்ததும் நாங்கள் ஒரு படம் எடுப்போம், பல் தெரியச் சிரிக்கச் சொல்லி. வீட்டில் இருக்கிற படங்களில் அவள் வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறாளாம், சிங்கப்பல் காலத்துப் பழக்கம். நோட்டீஸ் அடித்து தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒட்டச் சிரித்த முகம் வேண்டும்.

கம்ப்யூட்டரில் தேடி எடுத்துக் கொடுத்தேன். பல்வரிசை நேராக இருந்தது. அவ்வளவு நேராக யாருக்கும் அமையாது, வேலையைச் சொல்கிறேன். பழனாத்தாள் படத்தை முந்தானையால் துடைத்தாள்.

“ரத்தம் கொடுத்தீங்களா?” என்று கேட்டேன். என் குரலில் அவசரம் இருந்திருக்க வேண்டும்.

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“ரெண்டு தரம் கூப்புட்டாங்கொ. போகுலீங்க. போகவும் மாட்டனுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, அவொ எம்பட வயித்துல பொறக்கலீங்க.”

அப்புறம் கீழ்க்குரலில் முழுவதையும் சொன்னாள். கல்யாணமாகிப் பத்து வருடம் பிள்ளை இல்லை. அப்போது திருப்பூரில் இருந்திருக்கிறார்கள். ஒரு நர்ஸ் மூலமாகப் பிறந்து மூன்று நாளான குழந்தை. பெற்றவள் யாரென்று இவர்களுக்கும் தெரியாது, நர்ஸும் இப்போது இல்லை. குழந்தையோடு கொளப்பலூருக்குக் குடிவந்து, தான் பெற்றதாகவே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். புருஷன் செத்து ஒன்பது வருடம். உறவில் ஒருவருக்கும் தெரியாது. சிந்துஜாவுக்கும் தெரியாது.

“ரத்தம் எப்படியும் பொருந்தாதுங்க. அது செத்துப்போனவொ எம்பட புள்ளையா இருந்தாலும் பொருந்தாது, இல்லாட்டியும் பொருந்தாது. அத எதுக்குக் குடுத்து ஊரச் சிரிக்க வெக்கறது? நல்ல வேளைங்க, பல்லு இருந்துச்சு. பல்லு பொய் சொல்லாதுங்கள்ல?”

“சொல்லாதுங்க” என்றேன். பல் சொல்லாது.


ஜூன் 21, வெள்ளி

கிளினிக்கை மூடிவிட்டேன். கோகிலாமணியிடம் காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை.

எழுதிவிடுகிறேன். ஏழு வருடமாக இதை எங்கும் எழுதியதில்லை, கார்டிலும் எழுதவில்லை, அதுதான் விஷயமே.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வைகாசி முகூர்த்த சீசன். கல்யாணத்துக்குள் பல்லைச் சரி பண்ணிக் கொடுங்கள் என்று வருகிற கூட்டம் வாசல்வரை நின்றது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் கம்பிக்கென்று தனியாகப் படித்தவள் நான் ஒருத்திதான், அந்த மிதப்பும் இருந்தது. சிந்துஜாவுக்கு மேல் வலதில்தான் சிங்கப்பல். சரியாகச் சொன்னால் அது மூன்றாவது பல், கோரைப்பல். வரிசையில் இடமில்லாமல் ஈறில் உயரத்தில் முளைத்துத் தனியாக நின்றது. அதற்குக் கீழே இரண்டாவதும் நான்காவதும் ஒட்டிக்கொண்டு நின்றன.

மரப்பு ஊசி போட்டுவிட்டு வரிசையை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மேலே நின்ற மூன்றாவதை எண்ணாமல் விட்டுவிட்டேன். வரிசையில் நான்காவதாக நின்றது ஐந்தாவது பல். அதைப் பிடுங்கினேன். சுலபமாக வந்தது. ட்ரேயில் போட்ட பிறகு அதன் வேரைப் பார்த்தேன். மேல் நான்காவதற்குப் பெரும்பாலும் இரண்டு வேர் இருக்கும், இதற்கு ஒன்றுதான். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. என் பக்கத்தில் நின்ற கோகிலாமணிக்கும் தெரிந்தது, ஏனென்றால் என் கை நின்றுவிட்டது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா, ஒரு தப்பு நடந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை, இதையே வைத்துச் சரி பண்ணிவிடலாம், கொஞ்சம் நாள் கூடும். அது உண்மையும்கூட. ஐந்தை எடுத்தும் வரிசை அமைக்கலாம், நான் அமைத்தும் காட்டினேன். எட்டு மாதம் அதிகம் பிடித்தது. உங்கள் பெண்ணுக்கு எலும்பு கெட்டி, அதனால்தான் என்று பழனாத்தாளிடம் சொன்னேன். அவள் எட்டு மாதம் கூடுதலாகப் பஸ் ஏறி வந்துபோனாள். கார்டில் முன்கூட்டியே நான்கு என்று எழுதியிருந்ததை நான் திருத்தவில்லை. திருத்தினால் யாராவது பார்ப்பார்கள்.

அந்தச் சுருட்டிய கம்பியையும் எழுதிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் வேறு யாரும் அப்படிச் சுருட்டுவதில்லை. படத்தைப் பார்த்த அந்த நொடியிலேயே எனக்குத் தெரியும், அது சிந்துஜா.

நான் பொல்லாதவள் இல்லை என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அப்படி நினைக்கத்தான் ஆசையாக இருக்கிறது.


ஜூன் 22, சனி

சொன்னால் பழனாத்தாளின் நம்பிக்கை போய்விடும். இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாவது ஒரு தாய் இருக்கட்டுமே என்று இன்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பூவன் பழம் கறுத்துவிட்டது, மாட்டுக்குப் போட்டேன்.


ஜூன் 24, திங்கள்

ஷாஜகான் போன். உடலுக்கு உரிமை கோரி யாரும் வரவில்லை. வியாழக்கிழமை மாநகராட்சி எடுத்து அடக்கம் செய்துவிடும். “பேர் இல்லாமத்தான் போகும்போல மேடம். நம்பர்தான்” என்றார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம். நான் “ம்” கொட்டினேன்.

மதியம் பழனாத்தாள் வந்தாள். இந்த முறை டோக்கன் வாங்கவில்லை. தர்மபுரி, ஓசூர் எல்லாம் சுற்றிவிட்டு வந்திருந்தாள். அந்தச் சிநேகிதி இரண்டு வருடமாகச் சிந்துஜாவைப் பார்க்கவே இல்லையாம். கையில் மிச்சமிருந்த நோட்டீஸ் கட்டை என் மேஜைமேல் போட்டாள்.

“இது உங்களுதுங்க. இனி எனக்கு வேண்டாம்.”

“என்ன ஆச்சு?”

“அவொ ஓடிப்போயிட்டாளுங்க. எவனோடயோ. ஒரம்பரை சொந்தமெல்லாம் மொதல்லயிருந்தே அதத்தான் சொன்னாங்கொ, நாந்தான் கேக்குல.” குரல் வறண்டிருந்தது. “அதுகூடப் பரவாயில்லீங்க. எவனையோ புடிச்சிருக்குதுன்னா எங்கிட்டச் சொல்லியிருப்பா. அவொளுக்கு வெசயம் தெரிஞ்சுபோச்சுங்க. நாம் பெக்கலீன்னு எவொளோ சொல்லியிருக்கோணும். அதான் பெத்தவொளத் தேடிப் போயிட்டா. இருவத்திமூணு வருசம் வளத்துனேன். ஒரு வார்த்த சொல்லாம, செத்தனா இருக்கறனான்னு பாக்காமப் போயிட்டா. நன்றிகெட்ட கழுத. எங்கியோ போயி நாசமாப் போகட்டும்.”

இதைச் சொல்லும்போது அவள் அழவே இல்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். போகும்போது வாசலில் நின்று, “புழுவெல்லாம் செத்துப்போச்சுங்க, தழ போட ஆளில்லாம” என்று வேறு ஏதோ பேச்சுப்போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் நம்பிக்கையையாவது காப்பாற்றுகிறேன் என்றேனே, எந்த நம்பிக்கையை?


ஜூன் 25, செவ்வாய்

காலையில் ஸ்டூல் போட்டு ஏறினேன். முழங்கால் மடங்கவில்லை. கோகிலாமணி என்னை இறக்கிவிட்டு அவளே ஏறிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். ஒரு துணியில் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள்.

காரை நானே ஓட்டிக்கொண்டு சேலம் போனேன். ஷாஜகான் நினைத்ததைவிடச் சின்னப் பையன், கண்ணுக்குக் கீழே கருவளையம். சிகிச்சை முடிந்தபோது எடுத்த அச்சை அவர் மேஜையில் வைத்தேன். அவர் மேல் வலதில் விரலை வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அடுத்து ஆறு. மறுபடி எண்ணினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அண்ணத்து வரிகூடத் தெளிவா இருக்கு மேடம்” என்றார். மேல் அண்ணத்தில் உள்ள மடிப்புகள் கைரேகைபோல ஆளுக்கு ஆள் மாறும், வாய்க்குள் இருப்பதால் சில சமயம் நெருப்பிலும் தப்பிவிடும். அச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாற்பது நிமிடம். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வேறு யாரோ யாருக்காகவோ அழுதுகொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து, “அவங்கதான்” என்றார். “வரி, பல் விளிம்பு, கம்பி, எல்லாமே. சந்தேகத்துக்கு இடமில்ல. இனி டி.என்.ஏ.கூடத் தேவையில்ல, இது போதும்.”

“ரத்தம் எடுக்க வேண்டாமா?” என்று இரண்டு தரம் கேட்டேன்.

“வேண்டாம் மேடம்.” பிறகு தயங்கி, “அன்னைக்கு நான் கேட்டேனே” என்றார்.

“கேட்டீங்க. பொய் சொன்னேன். எங்கே எழுதிக் கொடுக்கணும் சொல்லுங்க.”

“எழுதினா போலீஸ் கேக்கும். டென்டல் கவுன்சில்லேர்ந்து நோட்டீஸ் வரும். பத்திரிகைக்காரன் வேற...”

“வரட்டும் தம்பி. பேப்பர் கொடுங்க.”

மூன்று பக்கம் எழுதினேன். தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அதில் திருவாட்டி பழனாத்தாளின் மகள் சிந்துஜா என்று தெளிவாக எழுதினேன்.


ஜூன் 26, புதன்

போலீஸ் போய்ச் சொல்வதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டும் என்று எஸ்.ஐ.யிடம் கேட்டுக்கொண்டேன். காலை பத்து மணிக்குக் கொளப்பலூர் போனேன். பழனாத்தாள் புழுக் கொட்டகையைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தாள். தட்டுகள் எல்லாம் காலியாகக் கவிழ்ந்திருந்தன.

நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அந்த உடல் சிந்துஜாதான். ஏழு வருடத்துக்கு முன் தப்பான பல்லைப் பிடுங்கினேன், மறைத்தேன். இப்போது கேட்டபோதும் மறைத்தேன். அதனால்தான் பொருந்தாமல் போனது.

அவள் கையில் இருந்த குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் போய்க் குழாயை மூடினேன்.

“அப்ப அவொ தருமபுரியில எறங்குலீங்களா?”

“இல்லீங்க. அது வேற யாரோ.”

“பெத்தவொளத் தேடிப் போகுலயா?”

“எங்கயும் போகல. அந்த பஸ்ஸுலதான் இருந்தா.”

“ஊட்டுக்குத்தான் வந்துட்டிருந்தாளா?”

“ஆமாங்க. வீட்டுக்குத்தான் வந்துட்டிருந்தா.”

அவள் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை, பிறகு வந்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. நடுவில் ஒருதரம் அது சிரிப்புப்போலவும் இருந்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

வெகுநேரம் கழித்து என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். அடித்தாலும் நின்றிருப்பேன்.

“ஊட்டுக்கு வந்துட்டிருந்த புள்ளய, ஓடிப்போனவொ, நன்றிகெட்டவொன்னு இந்த வாயில திட்டுனனே டாக்டரம்மா” என்றாள். “நாசமாப் போகட்டும்னு உங்க முன்னாலதான சொன்னேன். நீங்க கேட்டுட்டுத்தான உக்காந்திருந்தீங்கொ?”

“ஆமாங்க” என்றேன்.




ஜூன் 27, வியாழன்

என் காரில்தான் சேலம் போனோம். பழனாத்தாள் பின் சீட்டில் ஒரு புதுச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

உடலை வாங்க ஒரு படிவம். கிளார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, “இறந்தவருக்கு நீங்க என்ன உறவும்மா?” என்று கேட்டார். பழனாத்தாள் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். என்னைப் பார்த்தாள். ரத்தத்தைப் பற்றி நான் வாய் திறக்கப்போகிறேனா என்று பார்க்கிறாள் என்று புரிந்தது.

“அம்மா. அவங்க அம்மாங்க” என்று நான் சொன்னேன். “என் ரிப்போர்ட்ல இருக்கு.”

கிளார்க் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பழனாத்தாள் ‘தாய்’ என்று எழுதினாள். இரண்டு எழுத்துதான், எழுதி முடிக்க நேரமாயிற்று. அதன் கீழே சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்து அவளை ஏற்றிவிட்டு நானும் காலெடுத்து வைத்தேன். காரைப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். பழனாத்தாள் உள்ளே இருந்து கையை நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். கோபம் தெரியவில்லை, குரலும் உயரவில்லை.

“நீங்க வேண்டாங்க. மிச்ச தூரம் நானே கூட்டீட்டுப் போயிக்கறேன்.”